கம்பளி முனியின் பூர்வீகம்

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, ஆற்று ஈரம் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும் ஒரு சந்துக்குள் மஹ்மூதின் பழைய இரும்புக் கடை இருந்தது. மற்றக் கடைக்காரர்கள் நிறுத்து வாங்குவார்கள், நிறுத்து விற்பார்கள். மஹ்மூது அப்படியல்ல. ஒரு துண்டு கைக்கு வந்தால், அது எந்த இயந்திரத்தின் எந்த மூலையில் இருந்தது, எப்படி உடைந்தது, யார் யார் கை மாறி இந்தச் சந்துக்கு வந்தது என்று தெரியும்வரை அதைக் குவியலில் போட அவருக்கு மனம் வராது. மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்ப்பதுபோலத் தடவிக்கொண்டிருப்பார்.

"மகளுக்கு மாப்புள பாக்கச் சொன்னா நேரமில்ல. தகரத்துக்கு மட்டும் வாப்பா ஆரு, உம்மா ஆருண்டு விசாரிக்கத் தெரியும்" என்பாள் மனைவி ருக்கியா. அவர் சிரித்துக்கொள்வார்.

அந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்பதை அவர் அவளிடம் சொன்னதில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, மீசை அரும்பிய வயதில், திருகோணமலைப் பக்கம் ஒரு கொன்ராக்டரிடம் வேலைக்குப் போனார். வெள்ளைக்காரன் விட்டுப்போன விமானங்களை உடைத்து அலுமினியத்தை உருக்கும் வேலை. இறக்கையை அறுப்பார்கள், வயிற்றைக் கிழிப்பார்கள், உள்ளே இருப்பதை உலையில் கொட்டுவார்கள். ஒருநாள் ஓட்டுகிறவன் உட்காரும் குழியில், கைப்பிடியைப் பற்றியபடியே ஒரு தோல் கையுறை இருந்தது. விரல்கள் மடிந்தே இருந்தன. உள்ளே எதுவும் இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை. மேஸ்திரி போடச் சொன்னார், போட்டார். அது எரிந்த வாடை மட்டும் எப்போதாவது கடைக்குள் வரும். அப்போது எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்.

வாரத்தில் சில நாள் சாக்கோடு தேயிலைத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுவார். பன்வில, புசல்லாவை, ஹேவாஹெட்ட என்று சுற்று. ஓட்டை வாளி, தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, பக்டரியில் கழித்துப் போட்ட பல்சக்கரம். ஹேவாஹெட்டைக்கு மேலே மஞ்சக்காட்டுத் தோட்டம் என்று ஒன்று. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு பலா மரத்தடியில் ஒரு சாமி இருந்தது. கம்பளி முனி என்று பெயர். மஞ்சள் துணி சுற்றியபடியே இருக்கும். பல வருடமாக அந்த வழியால் போய்வந்தும், துணிக்குள் என்ன இருக்கிறதென்று மஹ்மூது நினைத்துப் பார்த்ததில்லை. மற்றவர்களின் சாமியை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டு போவார்.

பாண் ரொட்டிக்கு விடியற்காலையில் கியூ நின்ற எழுபதுகளின் பஞ்ச காலத்தில், அவரைக் குறுக்கே மறித்து நிறுத்தியவள் ராக்கம்மா. கொழுந்தெடுக்கிறவள். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி அவள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்திருந்தது. அடுத்த மாதம் கப்பல். புருஷன் காளிமுத்து, மகள் வடிவம்மா, அவள். யாருமே இந்தியாவைப் பார்த்ததில்லை.

"நானா, நீங்கதான் இரும்புக்கு ஊரு பேரு கண்டுபுடிக்கிறவராமே" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். "எங்க சாமிக்குக் கண்டுபுடிச்சுத் தரணும்."

விஷயம் இதுதான். ஊர் மாறிப் போகிறவர்கள் குலசாமி இருக்கும் இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு போவார்கள். போன ஊரில் அந்தப் பிடிமண்ணைப் போட்டு, அதன்மேல் சாமியை இருத்துவார்கள். மண் இல்லாமல் சாமி கூட வராது. ராக்கம்மாவுக்கு அந்தச் சாமி வந்தே ஆகவேண்டும். வடிவம்மாவுக்கு முன்னால் அவள் பெற்ற நாலு பிள்ளைகளும் பால் மறக்கும் முன்பே போய்விட்டன. ஐந்தாவதைக் கொண்டுபோய் முனியின் காலடியில், முனிக்குப் போர்த்திய கம்பளிக்குள்ளேயே கிடத்தி, உன் பிள்ளை, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அது மட்டும் பிழைத்தது. முனியை விட்டுவிட்டுக் கடல் தாண்டினால் பிள்ளை தங்காது என்பது அவளுக்கு, விடிந்தால் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்படிப்பார்கள் என்பதைப்போல நிச்சயம்.

காளிமுத்துதான் அந்த முனிக்குச் சாமியாடி. அவன்மேல் முனி இறங்கியபோது ராக்கம்மா வாக்குக் கேட்டாள். பலா மரத்தடி மண்ணை எடுக்கவா என்று கேட்டதற்கு, "இது இல்ல. நான் விழுந்த மண்ண எடு" என்று வந்தது. விழுந்த இடம் யாருக்குத் தெரியும்? சாமியைக் காட்டிலிருந்து கொண்டுவந்தவர் காளிமுத்துவின் அப்பா கறுப்பையா. காட்டில் கிடந்த சாமி, வானத்திலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லி, இடத்தைச் சொல்லாமலே செத்துப்போனார். தோட்டத்துக்கு மேலே காடு மலை மலையாகக் கிடக்கிறது.

ராக்கம்மா துணியை விலக்கி, கிணற்றுத் தண்ணீர் விட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக் காட்டினாள். மஹ்மூது தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

ஒரு வளையம். இரண்டு கையாலும் பிடிக்கும் அளவு. கயிறு சுற்றிய வடு இன்னும் தெரிந்தது. கீழே உடைந்த குழாய். வளையத்தின் உச்சியில், கட்டைவிரல் போய்ப் படியும் இடத்தில், பித்தளைப் பொத்தான். தோட்டத்தார் வளையத்தைத் திருவாசி என்றும் பொத்தானை நெற்றிக்கண் என்றும் கும்பிட்டுக் குங்குமம் வைத்திருந்தார்கள். மஹ்மூதுக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஒற்றை ஆள் ஓட்டும் சண்டை விமானத்தின் பிடி அது. பொத்தான், துவக்குச் சுடுகிற பொத்தான்.

"தங்கச்சி, குறை நெனைக்கப்படாது. இது பிளேன்ல உள்ளது. ஓட்டுறவன் புடிக்கிற புடி."

ராக்கம்மா கொஞ்சமும் அசரவில்லை. "இருக்கட்டும் நானா. வானத்துல இருந்து வந்துச்சுன்னு மாமா சொன்னது சரியாத்தானே இருக்கு. எங்க விழுந்துச்சு? அதச் சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற காளிமுத்துவைப் பார்த்து, முனி வந்தால் எப்படி ஆடும் என்று கேட்டார் மஹ்மூது. ஆடாது என்றான் காளிமுத்து கூச்சத்தோடு. மற்ற முனிகள் சுருட்டுக் கேட்கும், சாராயம் கேட்கும், சேவல் கேட்கும். இது வந்தால் பல் கிட்டிப்போய் உடம்பு உதறும், கம்பளி கேட்கும். அவ்வளவுதான். வருடா வருடம் ஒரு கம்பளி படைப்பார்கள். வேறு ஒன்றும் இல்லையா என்றார். ராக்கம்மாதான் சொன்னாள்: கை ரெண்டும் முன்னால் நீண்டு எதையோ பிடித்துக்கொள்ளும், கட்டைவிரல் மட்டும் அழுத்தி அழுத்தி எடுக்கும். சொல்லிக்கொண்டே தன் கட்டைவிரலால் காற்றில் அழுத்திக் காட்டினாள்.

தேடித் தருகிறேன் என்று மஹ்மூது சொன்னது அதற்குப் பிறகுதான்.

அவருக்கென்று ஒரு வழி இருந்தது. உடைந்த பொருள் ஊருக்குள் பரவும்போது, சின்னத் துண்டு தூரம் போகும், பெரிய துண்டு கிட்டவே கிடக்கும். பெரியதைத் தூக்கிக்கொண்டு யாரும் மலை இறங்கமாட்டார்கள். ஆகவே சிறியதிலிருந்து பெரியதை நோக்கி நடந்தால் போதும். ஹேவாஹெட்டைக் கடைவீதியில் றவூப் என்பவரின் தேத்தண்ணிக் கடையில் சீனி அள்ளும் கரண்டி ஒன்று இருந்தது; கையால் தட்டி வளைத்த வெளிநாட்டு அலுமினியம். எங்கே கிடைத்தது என்று கேட்டார். தோட்டத்தின் மேற்பிரிவு லயத்துக்காரன் ஒருவன் கடனுக்குப் பதிலாகத் தந்ததாம். மேற்பிரிவில் ஒரு கோழிக்கூட்டின் கூரை, வரிசையாகக் குமிழ் ஆணி அடித்த வளைந்த தகடு. அது எங்கிருந்து என்றால் காட்டோரச் சிங்களக் கிராமத்தைக் கைகாட்டினார்கள். அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டில் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி, ஆள் நீளத்துக்கு. கடைசியாக, கிராமத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஓடும் ஓடைமேல் ஒரு பாலம். இறக்கையின் முதுகெலும்பு. இரண்டு நீண்ட உத்திரங்களைக் குறுக்கே போட்டு மேலே மூங்கில் பரப்பியிருந்தார்கள்.

அதற்கு மேலே போவீர்களா என்று அங்கிருந்த ஒரு கிழவரிடம் சிங்களத்தில் கேட்டார். போவதில்லை என்றார் கிழவர். யானையா, சிறுத்தையா என்றால் அதுவும் இல்லை. அங்கே குளிர் வேறு மாதிரி என்று மட்டும் சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்பப் போனவர் திரும்பி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஏறினார்கள். வடிவம்மாவை லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பாலம்மாவிடம் விட்டிருந்தார்கள். குழாயின் முறிவைப் பொருத்திப் பார்க்கவேண்டும் என்று மஹ்மூது சொன்னதால் ராக்கம்மா சாமியை மஞ்சள் துணியோடு இடுப்பில் கட்டியிருந்தாள். பாலத்தைத் தாண்டியதும் காளிமுத்து முன்னால் போனான். அவனும் அந்தப் பக்கம் வந்ததில்லை. ஆனாலும் நின்று யோசிக்கவில்லை. பிரிவு வரும் இடங்களில் கால் தானாகத் திரும்பியது. கொஞ்ச தூரம் போனபின் மஹ்மூது ஒன்றைக் கவனித்தார். வெயில் ஏறிவிட்டது, மூவருக்கும் வியர்த்திருந்தது. காளிமுத்து மூச்சு விடும்போது மட்டும் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. ராக்கம்மாவும் பார்த்துவிட்டாள்.

ஒரு பள்ளத்துக்குள் அது கிடந்தது. எஞ்சின் பாதி மண்ணுக்குள். குழல்களுக்கூடாகப் பன்னச் செடி முளைத்திருந்தது. மூடுபனி சுற்றிலும் கலைந்துகொண்டிருக்க, அந்தப் பள்ளத்தில் மட்டும் தட்டில் ஊற்றிய கஞ்சிபோல அசையாமல் நின்றது. மஹ்மூது உட்காரும் குழியைத் தேடிப் பிடித்து எட்டிப் பார்த்தார். எலும்பு எதுவும் இல்லை. இருக்கையின் இரண்டு பக்கமும் வார்களின் கொக்கிகள் தொங்கின. வார் இற்றுப்போயிருந்தது, கொக்கி அறுபடவில்லை, உடையவில்லை. திறந்திருந்தது.

"இவன் விழுந்து சாகல்ல" என்றார் மெதுவாக. "கழட்டிக்கிட்டு வெளிய எறங்கியீக்கிறான்."

குழியின் தரையில் முறிந்த குழாய்க்கட்டை ஒன்று நின்றது. ராக்கம்மா சாமியை அவிழ்த்து, முதல்முறையாக அவர் கையில் கொடுத்தாள். முறிவைச் சேர்த்து வைத்தார். பல்லோடு பல் பொருந்தியது. அவள் கும்பிட்டுவிட்டு, குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள்.

"அங்க இல்ல" என்றான் காளிமுத்து. அது சாமியின் குரல் இல்லை, அவன் சொந்தக் குரல்தான். அதுதான் மஹ்மூதுக்குப் பயமாக இருந்தது.

பள்ளத்துக்கு மேற்கே ஒரு பாறை, கூரைபோல முன்தள்ளி நின்றது. அடியில் மழை படாத புழுதி. அங்கே உடைந்த பானை ஓடுகள், கறுத்த அடுப்புக் கல், சுருள் சுருளாக ஒரு செப்புக் குழாய். கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சிய இடம் என்று சொல்ல மஹ்மூது தேவையில்லை. அதற்கு அந்தப்பக்கம் பாறையோடு ஒட்டி, மக்கி மண்ணோடு மண்ணான கம்பளி. ஓரத்துச் சிவப்புக் கரை மட்டும் அழியாமல் இருந்தது. தோட்டத்தில் தொழிலாளருக்குக் கொடுக்கும் கம்பளி. அதன் பக்கத்தில் கற்கள், ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு அடுக்கியிருந்தன.

காளிமுத்து குந்திவிட்டான். அந்தச் சிவப்புக் கரையை விரலால் தடவினான்.

"அப்பா ஒருதடவ கம்பளி இல்லாம வீட்டுக்கு வந்தாரு. நான் சின்னப் பய. ஆத்துல போயிருச்சுன்னாரு. அம்மா ஏசுன ஏச்சு லயம் பூராக் கேட்டுச்சு. அப்பறம் தெனமும் மடியில ரொட்டிய கட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போவாரு. ஒருநா அந்த ரொட்டி அப்படியே திரும்பி வந்துச்சு. எனக்குத்தான் குடுத்தாரு. நான் தின்னேன்."

"தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கிட்டுப் போயிருப்பாங்களே" என்றாள் ராக்கம்மா.

"சொன்னா கசிப்பையும் சொல்லணுமே."

மஹ்மூது ராக்கம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தது. அவளுடைய நாலு பிள்ளைகளும் எப்படிப் போயின என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை. காலிலிருந்து குளிர்ந்துகொண்டே வந்து, அடுப்பங்கரையில் கிடத்தியும் சூடேறாமல் போயின. நாலும் கறுப்பையாவின் பேரப்பிள்ளைகள்.

"அப்போ எடுத்தவனும் இவன்தானா" என்றாள். "நான் போயி இவன் காலடியிலேயே புள்ளையப் போட்டனே."

அவள் காளிமுத்துவை எழுப்பிக் கற்குவியலின் முன்னால் நிறுத்தி வாக்குக் கேட்டாள். கூட வருவாயா, மாட்டாயா, பிள்ளையை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். காளிமுத்து கண்ணை மூடி நின்றான். உடம்பு உதறவில்லை. கை நீளவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து, "மேல வரல" என்றான், குற்றம் செய்தவன்போல.

ராக்கம்மா கைக்குள் இருந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு கையை விரித்தாள். வளையத்தைத் துணியிலிருந்து எடுத்து கற்களின்மேல் தலைமாட்டில் வைத்தாள்.

"ஒனக்கு வழக்கு எங்க மாமாகிட்ட. அவரும் போயிட்டாரு. நாலு போயிருச்சு. போதும். இவள விட்டுரு." அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கடையில் பேரம் முடித்துச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு மஹ்மூதிடம் திரும்பி, இவன் என்ன வேதமோ தெரியாது, செத்தவனுக்கு எதுவும் செய்யாமல் போட்டிருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததை ஓதுங்கள் நானா என்றாள். முஸ்லிம் அல்லாத ஒருவனுக்கு என்ன ஓதலாம், என்ன ஓதக்கூடாது என்று அவருக்குத் தெரியவில்லை. கையை ஏந்தினார். அரபியில் தொடங்கி நடுவில் சிக்கி, கடைசியில் தமிழிலேயே, யா அல்லாஹ், இந்தப் பிள்ளை குளிரில் கிடந்தது என்று மட்டும் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்.

திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்கள். ஓடைப் பாலத்தில் முதலில் ராக்கம்மா போனாள். மூங்கில் அழுந்தி, அடியில் அலுமினியம் முனகியது. பிறகு காளிமுத்து. கடைசியாக மஹ்மூது. அவர் கிராமத்துப் பக்கக் கரையில் காலை வைத்து, நின்று, சாரத்தை உதறிக் கட்டினார். பாலம் மறுபடி முனகியது. காட்டுக் கரையிலிருந்து இந்தக் கரைவரை, ஓர் ஆளின் நடை. ஒரு காலை இழுத்து இழுத்து.

முன்னால் போன இருவரும் நின்றுவிட்டார்கள். ராக்கம்மா திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்திருந்தது.

"நானா, பின்னால யாரு?"

மஹ்மூது திரும்பிப் பார்த்தார். மூங்கில் பரப்பு காலியாக இருந்தது. கடைசி மூங்கில், அவர் காலுக்கு மிக அருகில், இன்னும் தாழ்ந்தே இருந்தது; மேலே எழவில்லை.

"ஆருமில்ல தங்கச்சி. தண்ணி இழுவை." பிறகு குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு, தனக்குத் தெல்தோட்டைப் பக்கம் சாமான் எடுக்க இருக்கிறது, அந்தப் பாதையால் போகிறேன், நீங்கள் நிற்காமல் லயத்துக்குப் போங்கள் என்றார். ராக்கம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். தேயிலைக்குள் அவர்கள் தலை மறையும்வரை மஹ்மூது அசையாமல் நின்றார். பாலத்து வாயிலில் வழியை அடைத்துக்கொண்டு நின்றார் என்றே சொல்லவேண்டும்.

தெல்தோட்டையில் அவருக்கு எந்தச் சாமானும் இல்லை. உடைப்பு வேலையில் கேட்டுக் கேட்டுக் காதில் தங்கியிருந்த வெள்ளைக்காரன் பாஷையில் ஒரே ஒரு சொல் வாய்க்கு வந்தது.

"கம்" என்றார். தெல்தோட்டைப் பாதையில் திரும்பி நடந்தார். மூங்கில் மேலே எழுந்த சத்தம் பின்னால் கேட்டது.

கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு அவர் போய்ச்சேர்ந்தபோது அந்திநேர மஃரிபு பாங்கு இன்னும் சொல்லவில்லை, வெளிச்சம் இருந்தது. ருக்கியா குசினி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே காலை வைத்ததும் நிமிர்ந்தவள், அந்நிய ஆண்பிள்ளை வந்தால் செய்வதுபோல, சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆள் கூட்டிக்கிட்டு வாரதெண்டா முன்னுக்கே சொல்றல்லயா" என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள். புருஷன் மட்டும் நின்றிருந்தார். தன் கையையும் முந்தானையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள்ளும் முக்காட்டை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த மாதம், கப்பலேறப் போகும் ராக்கம்மா குடும்பத்தைக் கோச்சியில் வழியனுப்பக் கண்டி ஸ்டேஷனுக்குப் போனார். பிளாட்போம் முழுக்கத் தகரப் பெட்டியும் அழுகையும். ஜன்னலோரம் வடிவம்மா உட்கார்ந்து பனிஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, வியர்த்து, ஆரோக்கியமாக இருந்தாள். ராக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கொளுத்துகிற வெயிலில் அவர் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டு, மேலே மப்ளரும் சுற்றியிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்ன நானா இது?"

"லேசாக் காய்ச்சல்."

அவள் வாயைச் சேலை முந்தியால் பொத்திக்கொண்டாள். பிறகு மகளின் தோளைத் தொட்டு, மாமாவுக்குக் கைகாட்டு என்றாள்.

கோச்சி நகர்ந்தது. வடிவம்மா பனிஸை மடியில் வைத்துவிட்டு மஹ்மூதுக்குக் கைகாட்டினாள். அவரும் காட்டினார். பெட்டி அவரைத் தாண்டும்போது பிள்ளையின் பார்வை அவரை விட்டு விலகி, அவருடைய இடப்பக்கம், ஆள் யாரும் நிற்காத இடத்தில், அவரைவிட ஒரு முழம் உயரத்தில் போய் நின்றது. அங்கேயும் ஒருமுறை கைகாட்டினாள்.